சித்ரகலா மண்டபத்து வைரவிழா மலர்

எட்மண்டன், லண்டன்
16.06.1991

அன்புள்ள பெரியண்ணைக்கு,

தங்கை வசந்தமலர் எழுதுவது. இவரும் பிள்ளைகளும் நல்ல சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கவே எனக்கு எரிச்சல் வருகிறது. ஒக்டோபருக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. எட்டு மாதம்! தபால் ஒழுங்காக ஓடவில்லை என்று தெரியும். ஆனால் கொழும்புக்கு வருகிற ஆரும் ஒருவர் கையில் கொடுத்துவிட ஒரு துண்டுக் கடதாசி கூடவா சாவகச்சேரியில் இல்லை?

ஐயா கட்டிய நாடக மண்டபத்துக்கு இந்த வருடம் அறுபது வயது. இங்கேயுள்ள எங்கள் ஊர்ச் சங்கம் வைரவிழா மலர் போடப் புறப்பட்டது. மண்டபத்தின் வரலாற்றை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஷிப்ட் இல்லாத நாட்களில் குந்தியிருந்து எழுதினேன். ஐயா தென்னங்காணியை விற்றுக் கட்டியது, மாட்டு வண்டில் நேரே மேடைக்கு ஏறட்டும் என்று பின்கதவை அகலமாக வைத்தது, பெண்கள் பக்கத்தை மறைத்த கிடுகுத் தட்டியை அம்மா நாடகம் நடக்கும்போதே பிடுங்கி எறிந்தது, பிறகு நீங்கள் அங்கே படம் ஓட்டியது, எல்லாம் எழுதினேன். பதினான்கு பக்கம்.

கூட்டத்தில் அத்திவாரக்கல் வைத்தது யார் என்று இரண்டு மணித்தியாலம் சண்டை. செயலாளர் யோகராஜா தன் அப்பப்பாதான் வைத்தவர் என்றார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்திலிருந்து வந்த ஒருவர், வைத்தது என்ரை மாமனார், உங்கடை அப்பப்பா குடை பிடிச்சவர் மட்டும் என்றார். கடைசியில் என் பதினான்கு பக்கம் நாலாகியது. மிச்சம் முழுக்க வாழ்த்துச் செய்தியும் கோட்டுப் போட்ட படங்களும். அம்மாவின் தட்டிக் கதையையும் தூக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் பொறுத்தேன் அண்ணை. நேற்று மலர் அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் ஐயாவின் படம். அடுத்த பக்கத்தில் உங்கள் படம், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு, கீழே ‘மண்டபத்தை முப்பது வருடம் நடத்திய அமரர் சபாரத்தினம்’ என்று!

யோகராஜாவுக்கு ரெலிபோன் எடுத்துக் கிழி கிழியென்று கிழித்தேன். அந்த மனிசன், மண்டபப் பக்கம் குண்டு விழுந்ததெண்டு கேள்விப்பட்டம், உங்களுக்கும் கடிதம் இல்லை, மரியாதை குறையக்கூடாதெண்டுதான் போட்டம் தங்கச்சி என்றார். மரியாதையாம்! இருக்கிற மனிசருக்கு விளக்கு வைக்கிற மரியாதை. இவர் என்னைப் பிடித்து இருத்தினார். ஆனால் யோகராஜா சொன்னது பிழை என்று இவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் மேலும்தான் கோபம். உங்களை இங்கே எடுக்கவென்று குரோய்டன் குடிவரவுக் கந்தோருக்கு எத்தனை தரம் போய் வரிசையில் நின்றோம்? மேடையிலை நாப்பது குடும்பம் அகதியாய்ப் படுத்திருக்குது, நான் மண்டபப் பூட்டின்ரை திறப்பை ஆரிட்டைக் குடுத்திட்டு வாறது என்று எழுதினீர்கள். அதுதான் உங்கள் கடைசிக் கடிதம். நாற்பது குடும்பத்தில் ஒரு திறப்பைப் பிடிக்க ஒருவரும் இல்லையா?

விழா வருகிற சனிக்கிழமை. முந்நூறு மலரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கிற அந்தச் சொல்லைக் கறுப்பு மையால் அழித்துக்கொண்டிருக்கிறேன். விளக்கின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டுகிறேன். நூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. மாமாவுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே அம்மா என்று மகள் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த செல்வரத்தினம் இங்கிருந்து கொழும்புக்கு வருகிறார். அங்கிருந்து ஊருக்குப் போகிற ஆளிடம் இதைக் கொடுத்துவிடுவார். ஒரு மலரில் மட்டும் அந்தச் சொல்லை அழிக்காமல், உங்கள் படம் உள்ள பக்கத்தைக் கிழித்து இத்தோடு வைத்திருக்கிறேன். கடதாசி இல்லை என்று இனிச் சொல்ல ஏலாது. வரச்சொல்லி இனிக் கேட்கமாட்டேன், மண்டபத்தையே கட்டிக்கொண்டு இருங்கள். பிள்ளையார் உங்களைக் காப்பாற்றட்டும். ஆனால் அந்தச் சொல்லை உங்கள் கையால் வெட்டி, பக்கத்தை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம் அண்ணை.

உங்கள் தங்கச்சி,
வசந்தமலர்