பதினொரு ஏர்க்கொழுக்களும் ஒரு செப்பு வட்டிலும்

மழை வாழ்க, மழையைத் தாங்கும் கரையும் வாழ்க. வெண்ணாரைப் பேரேரியால் உயிர்வாழும் செந்தாழை நாட்டின் அரசி பொன்மாதேவி, மேல்மடை நாட்டுத் தலைவரும், மூன்று போகம் விளைவித்து நம் கையால் 'வளம்பெருக்கி' என்னும் பட்டமும் வெண்குடையும் பெற்றவருமான தென்னவராயருக்கு விடுக்கும் ஓலை. நும் ஊரும் கன்றுகாலிகளும் நலமுறுக. நும் மனைவியாரின் முழங்கால் வலி தணிந்ததா?

உடன்பிறந்தாரைப் போன்றவரே, ஊரைவிட்டு அகல்வோர் தம் ஏரின் இரும்பு முனையான கொழுவை அரண்மனை வாயிலில் வைத்துச் செல்வது நம் நாட்டு வழக்கம் என்பதை அறிவீர். நம் ஆட்சியில் அண்மைவரை அவ்வாறு ஒரு கொழுவும் வைக்கப்பட்டதில்லை. சென்ற போகத்தின் தொடக்கத்தில் கடைமடையினின்று ஒரே நாளில் பதினொன்று வந்தன. தண்ணீர் எட்டவில்லை என்று ஏன் முன்னரே முறையிடவில்லை என வினவினோம். சேந்தி என்னும் உழத்தி நம் முகம் பார்த்தே மறுமொழி கூறினாள்.

"முறையிட்டோமே தாயே! மேல்மடையில மூணு போகம்னு மேளம் கொட்டுனாங்க. அந்தச் சத்தத்துல எங்க சத்தம் எங்க கேக்கும்? போயிட்டு வரோம்னு சொல்லத்தான் ஆசை. வாய் வரல. போறோம்."

அம்மேளத்தைக் கொட்டுவித்தவர் நாமே. ஒரு போகம் மட்டும் பொறுக்குமாறு வேண்டி, அக்குடும்பங்களை நம் களஞ்சியச் சோற்றில் நிறுத்தினோம். அடியில் ஊசித்துளையிட்ட செப்பு வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை ஓர் அளவாகக் கொண்டு, ஒவ்வொரு மடையும் எத்தனை வட்டில் நேரம் திறந்திருந்தது, அதில் எத்தனை கலம் நெல் விளைந்தது என்று பார்த்துவர மடை அளப்போன் நக்கனை அனுப்பினோம். மடைவாய்கள் யாவும் ஒரே அகலமாதலின் இந்த அளவை பொய்க்காது.

ஒரு கலம் நெல்லுக்கு இடைமடையார் எட்டு வட்டில் தண்ணீர் கொண்டனர். நும் மேல்மடை பத்தொன்பது கொண்டது. மூன்றாவதைச் சொல்லுமுன் நக்கன் மும்முறை தொண்டையைச் செருமினான். அரண்மனை வயல் முப்பத்தொன்று. அரசியின் மடையை மூடச் சொல்லும் துணிவு எவருக்கும் இல்லாமையால் அது அல்லும் பகலும் திறந்தே கிடந்ததாம்.

நெற்குவியலின் உயரத்தை அளந்தோம். ஏரியின் இறக்கத்தை அளந்தோமில்லை. பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துவைத்த சோற்றில் விருந்து படைத்துவிட்டு, வளம் பெருகிற்று என்று நாமும் நம்பி, நும்மையும் நம்பவைத்தோம். ஆதலின் வெண்குடையை நீவிர் திருப்ப வேண்டா. பிழை கொடுத்த கையினுடையது.

இன்று காலை அரண்மனை மடையை நம் கையாலேயே மூடினோம். நீவிரும் மூன்றாம் போக நெல்லை விட்டு, உளுந்தும் எள்ளும் விதைப்பீராக. இனிக் குறைந்த வட்டிலில் ஒரு கலம் விளைவித்து, சித்திரை முடிவில் ஏரியின் அளவுகல் நனையுமாறு தண்ணீர் மிச்சம் வைக்கும் ஊருக்கே பட்டம்.

பதினொரு குடும்பமும் நம் சொல்லை நம்பி ஊர் திரும்புகின்றன. தண்ணீர் வாராவிடில் மீண்டும் கொழுவோடு வருவர். மீண்டும் தடுக்க நமக்கு முகமில்லை.

இவ்வோலையுடன் சேந்தியின் ஏர்க்கொழு வருகிறது. துருவைத் துடைக்க வேண்டா. கடைமடை நனையும் நாளில் நீவிரே நடந்து சென்று அதை அவள் கையில் கொடுப்பீர். விடைபெறுகையில் அவள் "போயிட்டு வாங்க" என்று சொல்கிறாளா என்று கேட்டு நமக்கு எழுதுவீர். அச்சொல் வந்து சேரும்வரை அரண்மனை மடை திறவாது.

இது நம் ஆணை. நாரை இலச்சினை இட்டோம்.