உன் குரலை அழிக்கச் சொன்னவன்

மொட்டை மாடியில் முறத்தில் ஆரஞ்சுத் தோல் காய்கிறது. பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை வீசுகிற வீடுதான் எங்களுடையது. நீ வந்த பிறகுதான் அந்தத் தோலுக்கு மரியாதை வந்தது. உங்கள் ஜலாலாபாத்தில் அதை மெல்லிசாக நறுக்கி, கசப்புப் போக மூன்று தண்ணீரில் வேகவைத்துச் சோற்றில் போடுவார்கள் என்று நீ செய்து காட்டினாய். என் அம்மா மூக்கைச் சுளித்தாள். "பழத்த உட்டுப்போட்டுத் தோலத் திங்கற புள்ளைய இப்பத்தான் பாக்கறேன் சாமி" என்றாள். இரண்டாவது தட்டு கேட்டு வாங்கியதும் அவள்தான். இன்று காலை அந்த வாசனை வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேற்று உன் அண்ணனிடமிருந்து செய்தி வந்திருந்தது.

சேலத்தில் தாவரவியல் படிக்க ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவள் நீ. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களைப் பற்றி ஆய்வு செய்ய ஏற்காட்டில் எங்கள் மாடி அறையில் இரண்டு வருடம் இருந்தாய். மாரமங்கலம் பக்கம் நான் கணக்கெழுதும் ரைட்டராக வேலை பார்க்கும் எஸ்டேட்டுக்கு ஒரே பஸ்ஸில் போவோம். தமிழை நீ புத்தகத்தில் படிக்கவில்லை, காப்பிப் பழம் பறிக்கும் பெண்களிடம் படித்தாய். அவர்கள் உன்னைக் கண்ணு என்று கூப்பிட்டதால், அது பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் பொதுவான மரியாதைச் சொல் என்று நினைத்துவிட்டாய். ஆய்வுக்கு அனுமதி கேட்கப் போன அன்று எழுபது வயது முதலாளியைப் பார்த்து, "வணக்கமுங்க கண்ணு" என்றாயே! எனக்கு ஓடி ஒளியலாம் போல இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "எங்கம்மா போனதுக்கப்பறம் என்னைய யாருமே இப்படிக் கூப்புடலீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

உன் அண்ணனும் ஒரு முறை வந்தான். இரண்டு நாள் இருந்தான், என் கையால் சாப்பிட்டான், சிரித்துப் பேசினான். ஆனால் உன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "எங்கூர்ல ஆம்பளைங்க வெளியாளுங்க முன்னாடி ஊட்டுப் பொம்பளைங்க பேரைச் சொல்ல மாட்டாங்க அக்கா. கல்யாணப் பத்திரிகைல இருக்காது, கல்லறைலகூட இருக்காது" என்று நீ விளக்கினாய். எங்கள் அம்மாகூட அப்பா பெயரைச் சொன்னதில்லை என்று நான் சிரித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எஸ்டேட்டில் ஒருத்தியின் புருஷன் அவளுடைய போனைப் போட்டு உடைத்த அன்று, பஸ்ஸில் வரும்போது, "எங்கூரு ஆம்பளைங்களும் தங்கக்கட்டி இல்ல கண்ணு" என்றேன். நீ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "இங்க அவன் செஞ்சது தப்புன்னு போய்ச் சொல்ல ஸ்டேஷன் இருக்குதுக்கா. துப்பாக்கிக்காரங்க எங்கூருக்குத் திரும்பி வந்தாங்கன்னா, அவன் செய்யறதுதான் சட்டமாயிரும்." ஐந்து வேளையும் எங்கள் வீட்டு ஏசு படத்துக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துத் தொழுதவள் நீ. "எங்க வேதத்துல மொதல்ல எறங்குன வார்த்தையே ஓதுன்னுதான். அந்தத் துப்பாக்கிக்காரங்களுக்கு மட்டும் அது காதுல உளுகல" என்பாய்.

உன் அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்தபோது நீ தயங்கினாய். "ஒரு மாசம்தானே, போயிப் பெத்தவளப் பாத்துட்டு வா" என்று பெட்டி கட்டிக் கொடுத்தவள் நான். நீ போன பிறகு அந்தத் துப்பாக்கிக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். உன் அம்மா இறந்ததும் அண்ணன் உன் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினான். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்றானது. நீ சும்மா இருக்கவில்லை. போனில் பேசிப் பாடம் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்பினாய், எனக்கும் ஒன்று அனுப்பினாய், பிறகு உன் போனில் அழித்தாய். "யாராச்சும் போனை வாங்கிப் பாத்தா மாட்டிக்குவேன். நீங்க பத்திரமா வெச்சுருங்கக்கா." நாற்பத்தொரு பாடங்கள். உங்கள் மொழி எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஒரே ஒரு சொல் மட்டும் புரிந்தது. பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் ஆபத்து என்று எல்லோரையும் நீ கண்ணு என்றே கூப்பிட்டிருந்தாய்.

உனக்கு வயிற்று வலி வந்தது திங்கட்கிழமை. ஆண் துணை இல்லாமல் நீ ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. துணைக்கு வர வேண்டியவன் வீட்டில்தான் இருந்தான். அங்கே இருப்பது ஆண் டாக்டர், பொறுத்துக்கொள் என்றானாம். புதன்கிழமை குடல்வால் வெடித்துவிட்டது. நீ என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்த மாணவி ஒருத்தி இதையெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில் எனக்கு எழுதினாள். உன் கல்லறைக் கல்லில் இன்னாரின் மகள் என்றுதான் இருக்கிறதாம். கடைசியில், "டீச்சர் பாடம் உங்களிடம் இருக்கிறதா? பயத்தில் அழித்துவிட்டோம், எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை" என்று கேட்டிருந்தாள்.

அதற்குள் உன் அண்ணனுடைய செய்தி. "உங்கள் பழைய பதில் ஒன்று அவள் போனில் இருந்தது. அவளுடைய குரல் உங்களிடம் இருப்பதாகத் தெரிகிறது. அழித்துவிடுங்கள். பெண்ணின் குரல் வெளியே கேட்பது சட்டத்துக்கும் எங்கள் மானத்துக்கும் கேடு. உங்களைச் சகோதரியாக நினைத்துக் கேட்கிறேன்." சகோதரியாம்! நீ துடித்த மூன்று நாளில் வராத அவசரம் இப்போது வந்துவிட்டது அவனுக்கு.

எங்கள் சர்ச் ஃபாதரிடம் சொன்னேன். "அவன மன்னிச்சுருங்கம்மா, அதுதான் உங்களுக்கு நல்லது" என்றார். எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்னார் ஏசு என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நான் ஒரு தடவைகூட மன்னிப்பதாக இல்லை. அவன் நன்றாகத் தூங்கக் கூடாது, சாப்பிடும் சோறு அவனுக்கு இறங்கக் கூடாது. இப்படி நினைப்பது பாவம் என்றால் அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

இன்று காலை முறத்துக்குப் பக்கத்தில், உன் பாடங்கள் இருக்கிற பழைய போனோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் என் குரலைச் சேர்த்தேன். "இது பல்வஷா டீச்சர் நடத்துன பாடம்." நாற்பத்தொரு தடவை உன் பெயரைச் சொன்னேன், பல்வஷா. எல்லாவற்றையும் உன் மாணவிக்கு அனுப்பினேன். அவள் யார் என்று உன் அண்ணனுக்குத் தெரியாது, என் வழியாகத் தெரியவும் போவதில்லை. முதல் பாடத்தை மட்டும் அவனுக்கும் அனுப்பி, "அழிக்கவில்லை. உங்கள் ஊருக்கே அனுப்பிவிட்டேன்" என்று எழுதினேன். படித்துவிட்டான். மூன்று முறை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. இனி அவன் எந்தத் தெருவில் நடந்தாலும், எந்தக் கதவுக்குப் பின்னால் நீ பேசிக்கொண்டிருக்கிறாய் என்று தெரியாமல் நடக்கட்டும்.

தோலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது மாணவியிடமிருந்து குரல் வந்தது. சின்னப் பெண், பதினைந்து வயதுகூட இருக்காது. என்னவோ வேகமாகச் சொன்னாள், எனக்கு எதுவும் விளங்கவில்லை. முடிக்கும்போது, பெரியவளுக்குக் கொடுக்கிற மரியாதையோடு, நிறுத்தி நிதானமாக என்னைக் கண்ணு என்றாள். உன் தப்பை அப்படியே படித்திருக்கிறாள். நான் திருத்தவில்லை.