பஸ் பில்டருக்குப் பூசிய சந்தனம்

திருமானூர்
20-11-1983

அன்புள்ள மகன் பழனிவேலுக்கு அம்மா பொன்னம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, சுகமில்லை என்று எனக்குத் தெரியும். நாக்பூரிலிருந்து நீ போட்ட கார்டில் நல்லா இருக்கேன் என்று எழுதியிருந்தாய். உன் டூரிஸ்ட் பஸ்ஸில் காசிக்குப் போய் வந்த நம்ம தெரு அமிர்தலிங்கம், தம்பி ரொம்ப எளைச்சிட்டாருங்க, வண்டிய நிறுத்தி நிறுத்தி எறங்கி ஓடுறாரு, வந்த சனத்துலயும் நாலஞ்சு பேருக்கு வயித்தால போச்சு என்கிறார். இதுதான் நல்லா இருக்கிற லட்சணமா?

முதலில் சமையல்காரன் மேல்தான் எனக்குச் சந்தேகம், பழைய எண்ணெயில் பொரிக்கிறானோ என்று. ஆனால் அமிர்தலிங்கம் போகிறபோக்கில் இன்னொன்று சொன்னார், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் பில்டர் சொட்டு சொட்டாக வந்துகொண்டிருந்ததாம், கிளீனர் நல்லுசாமி சரி பண்ணினதிலிருந்து குழாய் மாதிரி கொட்டுகிறதாம். அவன் என்ன பெரிய மெக்கானிக்கா, அது எப்படிக் கொட்டும் என்று அன்றைக்கே மனசில் உறுத்தியது.

போன வாரம் அரியலூரில் உன் அக்கா சிந்தாமணி வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே மாதிரி பில்டர். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு உன் அப்பா அதன் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக நிற்கிற, தண்ணீரை வடிகட்டுகிற கேண்டிலுக்கு மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனத்தையும் வழித்துப் பூசிவிட்டார். பார்க்க லிங்கம் மாதிரியே இருக்காம். மறுநாள் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. மாப்பிள்ளை கேண்டிலைக் கழற்றினார். கழற்றின ஓட்டை வழியாக மேலே இருந்த தண்ணீரெல்லாம் மளமளவென்று கீழே இறங்கியது. உன் பஸ்ஸில் குழாய் மாதிரி கொட்டுகிறது என்றது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆயுத பூசைக்கு நீ பஸ்ஸை நம்ம வாசலுக்குக் கொண்டுவந்தபோது பூசை போட்டவர் யார்? அங்கேயே அப்பாவைப் பிடித்துக் கேட்டேன். வண்டிக்குப் பூசைன்னா எல்லாத்துக்கும்தானே போடணும் என்று முணுமுணுக்கிறார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகையால் உடனே மூடியைத் திறந்து பார். நல்லுசாமி கேண்டிலைக் கழற்றி எறிந்திருப்பான், கேட்டால் இல்லை என்பான், நீயே பார். புதுசு வாங்கி மாட்டு. சோப்புப் போடாமல் மெதுவான பிரஷ்ஷால் அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டுமாம், கீறல் விட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம், மாப்பிள்ளை சொன்னார். அதுவரை நீயும் பஸ்ஸில் வருகிறவர்களும் காய்ச்சின தண்ணீர்தான் குடிக்க வேண்டும், கைக்குழந்தையோடு வருகிறவர்களும் உன்னை நம்பித்தான் ஏறுகிறார்கள். டாக்டரிடமும் காட்டு.

அப்பாவைத் திட்டி எழுதாதே. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு முன்னால் எழுந்து போகிறார். திருமழபாடி சாமி உன்னைக் காப்பாற்றட்டும், நூறு வயது இரு. பதில் கார்டில் மூடியைத் திறந்து என்ன பார்த்தாய் என்று எழுது. நல்லா இருக்கேன் என்று மட்டும் எழுதினால், நான் அரியலூரில் ரயில் ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பாத அம்மா
பொன்னம்மாள்