தூங்காத வண்டி

மார்ச் 3, செவ்வாய்

மகன் வீட்டுப் பெரியவன் கடைசிப் பரீட்சையில் வகுப்பிலேயே முதல். இனி அவன் இன்ஜினியர். மகள் வீட்டு வாயாடி பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கி, வைக்க இடமில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாளாம். அவள் தம்பி சுண்டெலி நீச்சலில் இரண்டாவது. முதலில் வந்தவன் இவனைவிட ஒரு சாண் உயரமாம், அதனால் இதுவும் முதல் மாதிரிதான். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். அஞ்சாங்கிளாஸ் படித்தவளின் பேரப்பிள்ளைகள் எப்படி என்று யாராவது கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

கேட்கத்தான் ஆளைக் காணோம்.

வண்டி இன்றும் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று பல்லைக் கடிக்கிறது, பிறகு சத்தமே இல்லை. மகனிடம் போனில் சொன்னேன். "அம்மா, அது யானை. அதைக் கட்டி மேய்க்க நம்மால முடியாது. மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா பழைய இரும்புக்காரன வரச் சொல்லிடறேன்" என்றான். யானையாம். அந்த யானை மேல் உட்கார்ந்துதான் காலேஜ் வாசலில் போய் இறங்கினான், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

பெரியவன் போனைப் பிடுங்கினான். "பாட்டி, நீ எப்படியாவது அதை ஓட வச்சிரு. லீவுக்கு வர்றேன். நான் ஓட்டறேன், நீ பக்கத்துல மகாராணியாட்டம் உக்காரு."

ஓடினால் வருவான். அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

வயரிங்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இவ்ளோ பெரிய வண்டிய இந்த வீட்ல யாரும்மா ஓட்டுறது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர். முதலாளிக்குப் பதினெட்டு வருஷம் இதைத்தான் ஓட்டினார். முதலாளி ஊரைவிட்டுப் போறப்ப சாவிய இவர் கையிலயே விட்டுட்டுப் போனார்."

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆயிற்று என்றும் சொன்னேன். நானும் ஓட்டுவேன் என்று சொல்லவில்லை. அவர்தான் மைதானத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது.

பேட்டரிமேல் குற்றம் இல்லையாம், வண்டி நிற்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறதாம். "பூட்டினா இருபது நிமிஷத்துல இது தூங்கிடணும்மா. உள்ள மூளை மாதிரி ஒரு பெட்டி இருக்கு. அது தூங்காம எதையாவது நினைச்சிட்டே கிடந்தா பேட்டரி காலி."

"எனக்கும் அதே வியாதிதான் தம்பி."

சிரித்தார். பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவில் மீட்டரை மாட்டி, வண்டியைப் பூட்டினார். குடிக்கிற கரண்ட் அதில் தெரியுமாம். ஒன்று புள்ளி எட்டு. காத்திருந்த நேரத்தில் டீ கொடுத்து, இன்ஜினியர் பேரன் என்று பெரியவன் படத்தைக் காட்டினேன்.

"இவரா இன்ஜினியர்? முன்பல்லே முளைக்கலயேம்மா!"

ஒன்றாம் வகுப்பில் எடுத்தது. அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான் எடுக்கிறார்கள், காகிதமாக ஒன்றும் என் கைக்கு வரவில்லை. வெட்கமாகப் போயிற்று. வாய் சும்மா இருக்கவில்லை: "எல்லாரும் வந்து போயிட்டுத்தான் இருக்காங்க. வாசல் மணி ஓயறதே இல்ல."

மீட்டர் புள்ளி பூஜ்யம் மூன்றுக்கு இறங்கியது. வண்டி தூங்கிவிட்டது. "என் எதிர்ல மட்டும் நல்ல பிள்ளை வேஷம் போடுது பாருங்க" என்று பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிவிட்டுப் போனார்.

மார்ச் 6, வெள்ளி

யாரும் வரவில்லை. மத்தியானம் கேட்டுக்குப் போய் வாசல் மணியை அழுத்திப் பார்த்தேன். வேலை செய்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

வண்டி செத்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

இந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாதாம், காற்றுப் பையின் மேல் நிற்கிறதாம். காற்றடிக்கும் பம்ப் தானாக ஓடுகிறதோ என்று வயரிங்காரருக்குச் சந்தேகம். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, பம்பை ஓட்டும் ரிலே ஸ்விட்சை மாற்றினார். மறுபடி மீட்டர், மறுபடி இருபது நிமிஷம், மறுபடி புள்ளி பூஜ்யம் மூன்று. தூங்குகிறது.

"அப்ப நான் போனப்புறம் என்னதாம்மா நடக்குது இங்க?"

என்ன நடக்கும் இங்கே?

மார்ச் 11, புதன்

மணி, இன்று மூன்று தடவை. வாயாடி போன வருடம் வாங்கி அனுப்பியது, கம்பியே இல்லாத மணி. கேட்டில் அழுத்தினால் அடுப்படியில் குருவி கூவும். ஜன்னல் திறந்திருந்தால் கேட் வரை கேட்கிறது. மூன்றாவது தடவை, "இதோ வர்றேன், வர்றேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பால்காரர் சைக்கிளில் போனார். கேட்டிருப்பாரோ?

மார்ச் 12, வியாழன்

செத்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

பியூஸ் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தோம். அவர் பெயர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரேடியோ. சீட் மோட்டார். மேல் கூரை ஜன்னல். உள் விளக்கு. எதைப் பிடுங்கினாலும் மீட்டர் அசையவில்லை. ஏற்கெனவே தூங்குகிறதை இன்னும் எப்படித் தூங்க வைப்பது?

"இருபத்தஞ்சு வருஷமா வயரோட மல்லுக்கட்டறேன். இப்படி ஒண்ணு என்னை முட்டாளாக்கினதில்ல" என்றார். சார்ஜ் ஏற்றிவிட்டு டீ குடிக்காமல் போனார்.

உடம்பு கணகணவென்று இருக்கிறது.

மார்ச் 18, புதன்

நாலு நாளாகக் காய்ச்சல். படுக்கை, கஞ்சி, படுக்கை. கேட் பக்கம் போகவே இல்லை. மகள் போனில், "மாத்திரை போட்டியா?" என்று கேட்டாள். போட்டேன்.

இன்று எழுந்து, சும்மா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது! ஐந்து நாள் நின்ற வண்டி!

மகனுக்கு உடனே போன் போட்டேன். அவன் வயரிங்காரரிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறான். "மூளை போயிருக்கலாம்னு அவரே சொல்றாரும்மா. இன்னிக்கு ஓடும், நாளைக்கு நடுரோட்ல நிக்கும். என்ன காரணம்னு தெரியாம அதுல என் பிள்ளைய ஏத்த மாட்டேன். முப்பதாம் தேதி இரும்புக்காரன் வர்றான்."

மார்ச் 19, வியாழன்

வண்டி செத்த தேதிகளைப் பார்க்கலாம் என்று இந்த நோட்டைப் புரட்டினேன். எட்டாம் தேதி. பன்னிரண்டாம் தேதி. அதற்கு முந்தைய வரிகளையும் படித்தேன். ஆறாம் தேதி மணி. பதினோராம் தேதி மணி, மூன்று தடவை. காய்ச்சலில் மணி இல்லை. வண்டி ஓடியது.

மணிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் நடுவில் கம்பி கிடையாதே. ஆனால் வண்டிச் சாவிக்கும் கம்பி கிடையாது. தூரத்தில் நின்று அழுத்தினால் கதவு திறக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

எப்படிச் சொல்வது? மணி ஓயவே ஓயாது என்று வயரிங்காரரிடம் பெருமை அடித்தவள் நான். என் வீட்டு மணியை நானே அடித்துக்கொள்கிறேன் தம்பி — இதை எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் முப்பதாம் தேதி வண்டி போய்விடும். அது போனால் பெரியவன் எதற்கு வருவான்? என்னைப் பார்க்கவா?

அப்படி எழுதியிருக்கக் கூடாது. நல்ல பிள்ளை அவன்.

மார்ச் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வயரிங்காரரிடம் மீட்டரை மாட்டி, வண்டியைத் தூங்கவைக்கச் சொன்னேன். புள்ளி பூஜ்யம் மூன்று வந்ததும், "நான் கேட்டுக்குப் போய் மணிய அடிக்கறேன், நீங்க மீட்டரப் பாருங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். போய் அழுத்தினேன். குருவி கூவியது.

"அடப்பாவி!" என்று ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல். ஒன்று புள்ளி எட்டு. அரை மணி நேரம் பார்த்தோம், இறங்கவே இல்லை.

மணியும் சாவியும் ஒரே அலையில் பேசுகின்றனவாம். "சாவிதான் கூப்பிடுதுன்னு நினைச்சு முழிச்சுக்குதும்மா. யாரோ ஏறப் போறாங்கன்னு காத்துட்டே கிடக்கு. கதவத் திறந்து மூடிப் பூட்டற வரைக்கும் தூங்காது."

நான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். வந்தவர் யாரும் இல்லை, எல்லாம் நான்தான், சில நாள் மூன்று தடவை.

அவர் மீட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "டீ போட்டா இந்தத் தடவ குடிச்சிட்டே போறேன்" என்றார்.

குடித்துக்கொண்டே என் மகனுக்குப் போன் போட்டார். "கண்டுபிடிச்சாச்சு சார். மூளை நல்லாருக்கு. வாசல் மணிதான் வில்லன். உங்க வீட்டுக்கு அவ்ளோ பேர் வர்றாங்க சார், மணி ஓயறதே இல்ல. வண்டி பாவம் எப்படித் தூங்கும்?"

மகன் என்னிடம், "அப்படி யாரும்மா வர்றாங்க?" என்றான்.

"யார் யாரோ" என்றேன்.

இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறானாம். வயரிங்காரர் கேட்டிலிருந்து மணிப் பொத்தானைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நகம் அளவுதான் இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

பெரியவன் பேசினான். வேலை கிடைத்துவிட்டது, ஒன்றாம் தேதியே சேர வேண்டும். நல்ல கம்பெனி. "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றேன் பாட்டி." வண்டி ஓடுகிறது என்று சொன்னேன். "சூப்பர் பாட்டி" என்றான்.

பெரியவன் வேலையில் சேர்கிறான், ஏப்ரல் 1. எழுதி வைத்தாயிற்று.

மார்ச் 31, செவ்வாய்

கேட்டில் டங் டங் என்று சத்தம். வயரிங்காரர், கையில் ஸ்பேனர். "இந்தப் பக்கம் வந்தேன், யானை தூங்குதான்னு பார்த்துட்டுப் போலாம்னு." தூங்குகிறது. எட்டு நாளாக.

ஏப்ரல் 2, வியாழன்

பீரோவிலிருந்து லைசென்ஸை எடுத்தேன். இன்னும் ஒரு வருடம் செல்லும். கேட்டை அகலத் திறந்து, முக்காலி போட்டு ஏறி, சீட்டை முன்னால் இழுத்தேன். மோட்டார் முனகிக்கொண்டே என்னை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தெருமுனை வரைக்கும் நத்தை மாதிரி ஊர்ந்தேன். அதற்குப் பிறகு இல்லை. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கியே விட்டார்.

தபால் ஆபீஸ் வரை நானே ஓட்டிக்கொண்டு போய் பெரியவனுக்குக் கடிதம் போட்டேன். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

கண்ணு, வேலையில் சேர்ந்தது சந்தோஷம். நேரத்துக்குச் சாப்பிடு. என்னிடம் இருக்கும் படத்தில் உனக்குப் பல் இல்லை. வேலைக்குப் போகிற சட்டையோடு புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், காகிதத்தில், தபாலில் போடு. இப்போது வாசலில் மணி இல்லை. கேட்டைத் தட்டச் சொல்லி தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.