உங்களைச் சொல்லவில்லை, அண்ணே

அண்ணே,

நேற்றுச் சாயங்காலம் அடுப்படி ஜன்னல் வழியே சிகரெட் வாடை வந்தது. நீங்கள் இருந்த கீழ்வீட்டில் இப்போது பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் குடியிருக்கிறார். கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய், "தம்பி, புகை மேல வருது. எம்மகளுக்கு வீசிங் இருக்கு" என்றேன். "சாரிக்கா, தெரியாமப் போச்சு" என்று உடனே அணைத்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேலே வந்து உட்கார்ந்தவளுக்கு உங்கள் முகம்தான் நினைவில் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தை உங்களுக்கு நான் கொடுக்கவே இல்லையே.

நீங்கள் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், எங்களுக்கு முன்பே அங்கே குடியிருந்தவர், வயதில் மூத்தவர். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அப்புறம் அந்த மரியாதைக்காரி என்ன செய்தாள்? ஜாடை பேசினாள். நம் பக்கத்துப் பெண்களுக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்! நீங்கள் பற்றவைக்கும்போதெல்லாம் ஜன்னலைப் படாரென்று சாத்துவேன். மகள் இருமினால், கீழே கேட்கிற மாதிரி அவளைத்தான் வைவேன். நீங்கள் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இழுப்பீர்கள். உங்களுக்குப் புரியவில்லை என்பதே எனக்குத் திமிராகத் தெரிந்தது.

ஒருநாள் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே சொன்னேன்: "சாகப்போறவுக தனியாச் சாகட்டும். எம்பிள்ளையையும் எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்?"

பாதி சிகரெட்டைக் கல்லில் நசுக்கிவிட்டு நீங்கள் உள்ளே போனதைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து கொல்லையில் புகை இல்லை. "சொல்ற விதமாச் சொன்னா கேக்குறாக, பாத்தீகளா" என்று கணவரிடம் பெருமை வேறு. முழங்கால் வலியோடு தெருமுனை வரை நடந்துபோய், வெயிலில் நின்று பிடித்துவிட்டு வருவீர்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வாரம், கணவர் வத்தலக்குண்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், மகளுக்கு மறுபடி இழுத்தது. நான் போட்ட கூச்சலுக்கு ஆட்டோவோடு வந்து நின்றது நீங்கள்தான். பின்சீட்டில் இடமிருந்தும் டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தீர்கள். "எம்மேல வாடை அடிக்கும் தாயி, பிள்ளைக்கு ஆகாது" என்றீர்கள். ஆஸ்பத்திரியிலும் வாசலுக்கு வெளியேதான் நின்றீர்கள். மூச்சு சீராகிவிட்டது என்று சொல்ல வந்தபோது கேட்டீர்கள், "நேராச் சொல்லியிருக்கலாமே தாயி. நான் என்ன வேத்தாளா?"

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஜாடை பேசுகிறவளுக்குத் தப்பிக்க எப்போதும் ஒரு சந்து இருக்கும். "ஐயோ, உங்களச் சொல்லலண்ணே! போன்ல எங்க அண்ணனை வஞ்சேன். அவரும் இப்படித்தான் ஊதித் தள்ளுறாரு" என்றேன். கொஞ்சமும் கூசவில்லை. என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தீர்கள். "அப்பச் சரி. கூடப்பொறந்தவனை வையத்தான செய்வாக" என்றீர்கள்.

நீங்கள் நெஞ்சுவலியில் போன அன்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மேல்வீட்டுப் பிள்ள நம்மளச் சொல்லல, அது அவுக அண்ணனைத்தான் வஞ்சுச்சாம்னு வந்து சொன்னாரு தாயி. நாந்தான் உன்னியத் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்கிறாத." என்னிடம் மன்னிப்புக் கேட்டார், அண்ணே! நான் தலையை ஆட்டினேன். குஜிலியம்பாறைக்கு, மகன் வீட்டோடு அவர் போகும்வரை உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அதைவிட என்னால் இறக்கிவைக்க முடியாத ஒன்று இருக்கிறது. எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் குடிவந்த அன்று, பால் காய்ச்ச ஒத்தாசைக்கு ஆளில்லாமல் நின்றபோது, நானே உங்களிடம் சொன்னதுதான். "நான் இருக்கேன்ல தாயி" என்று கேஸ் அடுப்பைத் தூக்கிவந்து வைத்தீர்கள். அன்றுதான் முதன்முதலாக உங்களை அண்ணே என்று கூப்பிட்டேன்.