கை தூக்கினோம், சாப்பிட்டோம்

பிப்ரவரி 11

புது வீட்டுக்காரர் சாவியைக் காட்டிவிட்டுப் போனார். இதே தொம்மலூர், ரெண்டு தெரு தள்ளி, கீழ் வீடு. மார்ச் ஒண்ணாம் தேதி லீஸ் பணம் ஆறு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகைப் பேச்சே இல்லை. மாசக் கடைசியில் காலி செய்யச் சொல்லிப் பழைய வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்தது அப்படியே கூட்டுறவு சொசைட்டியில் கிடக்கிறது. நாளைக்கு எடுக்க வேண்டும். உளுந்து ஊறவைக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 12

சொசைட்டி திறந்திருக்கிறது. பணம் இல்லை.

தலைவர் கோவிந்தப்பா என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பவர். இன்று உட்கார்ந்தே சொன்னார். "கொஞ்ச நாள் பொறுங்கக்கா. லோன் வாங்கினவங்க கட்டல."

எவனோ கட்டாததற்கு என் பணம் எப்படி இல்லாமல் போகும்? காபி வரவழைத்தார். தொடவில்லை.

பிப்ரவரி 13

பாஸ்புக்கை எடுத்து ரெண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

பிப்ரவரி 14

எதிர்வீட்டு மருமகள் மமதாவுக்குப் பெரிய பேங்கில் வேலை. கேட்டேன்.

"பாட்டி, நீங்க போட்டது பேங்கே இல்ல."

போர்டு இருக்கு, கவுன்டர் இருக்கு, பாஸ்புக் இருக்கு — பேங்க் இல்லையாம். பேங்க் என்றால் ரிசர்வ் பேங்க் கண்காணிக்குமாம். மூழ்கினாலும் ஆளுக்கு அஞ்சு லட்சம் வரை இன்ஷூரன்ஸ். கூட்டுறவிலும் பேங்க் என்று உரிமம் வாங்கினதற்கு அது உண்டு. சொசைட்டி வேறு. மெம்பர்கள் போட்டதை மெம்பர்களுக்கே கடனாகக் கொடுப்பது. இன்ஷூரன்ஸ் கிடையாது.

"அப்போ யாரு பொறுப்பு?"

"மெம்பர்ஸ்தான் ஓனர். நீங்கதான் பாட்டி."

நானா? எனக்கே தெரியாமல் நான் எப்போது முதலாளி ஆனேன்?

பெரிய பேங்கை விட்டதற்குக் காரணம் இருக்கு. நோட்டு செல்லாமல் போன வருஷம் — நீலச் சட்டை, இடது கன்னத்தில் மச்சம் — கவுன்டரில் இருந்தவன் நான் பேனா எடுப்பதற்குள் கைநாட்டு மை டப்பாவைத் தள்ளினான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அன்றைக்கே கணக்கை மூடினேன். அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

பிப்ரவரி 15

எங்கள் தெருத் தனக்கோடி வந்து வாசலில் நின்று கத்தினாள். தெருவுக்கே சொசைட்டியைக் காட்டியது நான்தானாம்.

வருஷா வருஷம் சமுதாயக் கூடத்தில் மெம்பர்கள் எல்லாரும் கூடும் மகாசபை. பிசிபேளாபாத் வாசனை வரும் நேரத்தில் கோவிந்தப்பா மைக்கில் ஏதோ வேகமாகப் படிப்பார். "ஒப்புதல்னா கை தூக்குங்க, சாப்பாடு ரெடி." தூக்குவோம்.

"போன வருஷம் கோவிந்தப்பா மச்சானுக்கு அத்தனை பெரிய கடன் கொடுக்கத்தான் கை தூக்கினோமாம்க்கா. தூங்கிட்டிருந்த என்னை இடிச்சுத் தூக்க வெச்சது யாரு? நீதானே?"

நிஜமாவா? அதுக்கா தூக்கினேன்? ஜாங்கிரி வெச்சது ஞாபகம் இருக்கு. படிச்சது ஒண்ணும் காதுல விழலியே.

ஆனாலும் தெருவில் நிற்க வைத்துப் பேசிவிட்டாள். இதை மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 20

கோவிந்தப்பா வீட்டுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். அஞ்சு வருஷத்துக்கு யாரும் டெபாசிட்டை எடுக்கக் கூடாது என்று தீர்மானம்.

"உங்க தெருப் பொம்பளைங்க உங்களப் பாத்துத்தான் தூக்குவாங்க. தூக்க வைங்கக்கா. உங்க ஆறு லட்சம் திங்கக்கிழமை தனியா வந்துரும்."

பணம் இல்லை என்றவர்தானே? இருக்கு. எனக்கு மட்டும் இருக்கு.

அவர் போனதும் புது வீட்டு வாசல்வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 22

"ஒப்புதல்" என்றதும் கோவிந்தப்பா என்னைப் பார்த்தார். என் கை மடியிலேயே இருந்தது. பின்னால் ஒரு வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை. தீர்மானம் தோற்றது. இலை போட்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

மார்ச் 4

நான் பார்த்த அந்தக் கீழ் வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சினார்களாம்.

ஏப்ரல் 17

ஆனேக்கல். மகள் ரூபினி வீட்டு ஹாலில் எனக்கு ஒரு மூலை. மாப்பிள்ளை டிவி சத்தத்தைக் குறைப்பதில்லை. அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

இன்று அரசாங்கம் போட்ட அதிகாரி சொசைட்டி சாவியை வாங்கிக்கொண்டார். பஸ் பிடித்துப் போயிருந்தேன். பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் — அவருக்கே தெரியவில்லை.

தொம்மலூர் பெண்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில். ஓரத்தில் தனக்கோடி. பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.