குப்புறக் கிடக்கும் பெயர்

ஏப்ரல் 4

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்கள் பிள்ளைகள் மேல் ஆணை, யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். என் பெயரை எழுத மாட்டேன்.

அப்பா பாபிலோன் மதிலில் கொத்தனார். அந்த வேலை இருப்பதால்தான் அவரைப் போருக்கு அனுப்பவில்லை. பழைய சுவரின் மேலேயே புதிதாக எழுப்புகிறார்கள். சில செங்கல்களில் நாட்டுத் தலைவரின் பெயர் பொறித்திருக்கும். அது வெளியே பார்க்க வேண்டும். இன்று அப்பா ஒன்றை, பெயர் கீழே போகும்படி வைத்துவிட்டார்.

"கை தானா பண்ணிடுச்சு," என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். "பழைய ராஜா கல்லெல்லாம் அப்படித்தானே இருக்கு?"

உண்மைதான். எங்கள் ஊர் ஹில்லாவில் பாதி வீடுகள் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கல்லால் கட்டியவை. எங்கள் வீடும்தான். பழைய ராஜா நேபுகாத்நேச்சாரின் பெயர் எங்கள் சுவருக்குள் குப்புறக் கிடக்கிறது. அப்பாவின் கை அதில் பழகிய கை.

கூட வேலை செய்யும் எகிப்துக்காரர் மஹ்ரூஸ் மாமாதான் முதலில் பார்த்தாராம். அப்பாவை 'உஸ்தா', அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிடுவார். "உஸ்தா, தலைவரைச் சாந்துல கவுத்துப் படுக்க வச்சிட்டீங்களே!" சிரித்தவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டாராம். அதற்குள் சாந்து இறுகிவிட்டது.

ஏப்ரல் 5

அப்பா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 7

பள்ளியிலிருந்து எங்களை அங்கேயே கூட்டிப்போனார்கள். வேறு நாளே கிடைக்கவில்லையா?

என் வகுப்பு இப்திஹாலின் அப்பா தலைவரின் கட்சியில் பெரிய ஆள். அவள் சுவரோரம் நடந்தபடி ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தாள். பெயர் தெரியாத அந்த மொட்டைக் கல் எங்கே என்று அப்பா சொல்லி எனக்குத் தெரியும். வாசலுக்கு இடப்பக்கம், என் தோள் உயரம். ஓடிப்போய் அதில் சாய்ந்து நின்றேன்.

"நகருடி, கொத்தனார் மகளே. இங்க ஒண்ணு இருக்கணும்."

"தலை சுத்துது."

"எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தலை சுத்துமே!"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் தண்ணீர் கொடுத்து என் கையைப் பிடித்து இழுத்தார். இப்திஹால் பார்த்துவிட்டாள். பேருந்தில் என் காதருகே, "நாளைக்கு எங்கப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்," என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா தேநீர் ஊற்றி ஊற்றி ஆறவிடுகிறாள்.

ஏப்ரல் 8

அப்பா விடியும் முன் வந்தார். ரொட்டித் துணிக்குள் அந்தக் கல், இரண்டு துண்டாக. பெயருக்கு நடுவிலேயே விரிசல்! தலைவர் பெயரை உடைத்தவன் என்று… குப்பையில் போட முடியாது. ஆற்றில் காவல். எங்கே போட?

அந்த இடத்தில் வைக்கத் தான் கட்டும் பக்கத்திலிருந்து பெயர் பொறித்த கல் ஒன்றை மஹ்ரூஸ் மாமா கொடுத்திருக்கிறார். "என் பக்கம் ஒண்ணு குறைஞ்சா, எகிப்துக்காரனுக்கு எண்ணத் தெரியலன்னு விட்டுடுவாங்க, உஸ்தா." விடுவார்களா?

அதே நாள், மாலை

இப்திஹாலின் அப்பா வந்தாராம். கல்லைத் தொட்டுப் பார்த்து, "இது மட்டும் ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டாராம்.

"தினமும் கழுவித் தொடைக்கிறேன் ஐயா," என்றாராம் மஹ்ரூஸ் மாமா. "தலைவர் பேர்ல தூசி படலாமா?"

அவர் தலையாட்டிவிட்டுப் போனாராம். அப்பா இதைச் சொல்லி முடித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 9

மஹ்ரூஸ் மாமா இன்று வேலைக்கு வரவில்லை. தங்கும் இடத்திலும் இல்லையாம். "ஊருக்குப் போயிருப்பான்," என்றாள் அம்மா. செருப்பை விட்டுவிட்டா ஊருக்குப் போவார்?

அப்பா முன்னறைச் சுவரிலிருந்து பழைய ராஜாவின் கல் ஒன்றைப் பெயர்த்தார். அந்தக் குழிக்குள் உடைந்த துண்டுகளை வைத்துப் பூசினார், பெயர் உள்ளே பார்க்க. பூசிய இடம் ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. அம்மா எதிர்ச் சுவரில் இருந்த தலைவரின் படத்தைக் கழற்றி வந்து அதன்மேல் மாட்டினாள். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், சந்தோஷப்படுவார்கள்.

பழைய ராஜா இப்போது என் மடியில். அவர்மேல் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். படத்தின் கீழ்ச் சட்டத்தில் ஈரம் ஏறுகிறது, இங்கிருந்தே தெரிகிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டும், ஒரு துணி எடுத்து

கதவு தட்டுகிறார்கள். மஹ்ரூஸ் மாமா இப்படித் தட்ட மா